ஊழல், லஞ்சம், மாமூல்: சொற்களின் பொருளும் பிறப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘கரப்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் பள்ளி மாணவர்கூட ‘ஊழல்’ என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த ஆங்கிலச் சொல் கைக்கூலியை மட்டும் குறிப்பதில்லை. பிணம் அழுகுவதையும், ஊர்ப்பெயர் திரிவதையும், கணினிக் கோப்பு கெட்டுப்போவதையும் அது குறிக்கிறது. தமிழிலோ இவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. அந்தச் சொற்களைப் பற்றி வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

‘ஊழல்’ தமிழ்ச் சொல்தானா? அது எப்படிப் பிறந்தது?

ஐயமின்றித் தமிழ்ச் சொல்தான். ‘ஊழ்த்தல்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. அந்த வினைக்கு மலர்தல், முதிர்தல், கனிதல், பதனழிதல் ஆகிய பொருள்கள் உண்டு. ஒரு செடியில் நடப்பதை வரிசையாகப் பார்த்தால் இந்தப் பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த விதம் விளங்கும்: மொட்டு விரிகிறது, காய் முற்றுகிறது, பழம் கனிகிறது, பறிப்பார் இல்லாவிட்டால் அதே பழம் கொழகொழத்து நாறுகிறது. இந்தப் பயணம் முழுவதற்கும் ஒரே வினை போதுமானதாக இருந்திருக்கிறது.

சங்க இலக்கியத்தில் இந்த வினை நல்ல பொருளில் வருவதைக் காணலாம். பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, அம்மலை உழவர் உழாமலேயே நான்கு பயன்களைத் தரும், ஆகவே முற்றுகை பலிக்காது என்று கபிலர் பாடுகிறார் (புறநானூறு 109). மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பவை அந்த நான்கு. அவற்றுள் இரண்டாவதைச் சொல்லும்போது, ‘தீஞ்சுளைப் பலவின் பழம் ஊழ்க்கும்மே’ என்கிறார். இனிய சுளைகளை உடைய பலாப்பழம் கனியும் என்பது பொருள். இன்று நாளிதழின் முதல் பக்கத்தில் நாம் படிக்கும் சொல்லின் வேர், பாரியின் மலையில் பலாப்பழமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

திருக்குறளிலும் இதைக் காணலாம். கற்றதைப் பிறர் உணர எடுத்துரைக்கத் தெரியாதவர்களை, ‘இணரூழ்த்தும் நாறா மலரனையர்’ (650) என்கிறார் வள்ளுவர். கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத பூப் போன்றவர்கள் அவர்கள். இந்த ஒரே அடியில் ஊழ்த்தல், நாறுதல் என்று இரண்டு வினைகள் அடுத்தடுத்து வருகின்றன, இரண்டும் நல்ல பொருளில் வருகின்றன. ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டபோதும் நாற்றம் நறுமணமாகவே இருந்தது. பின்னர் இரண்டு சொற்களுமே சரிந்தன. நாற்றம் துர்நாற்றம் ஆனது. ஊழ்த்தல் என்ற வினை வழக்கொழிந்து, அதன் அழுகல் பொருளை மட்டும் சுமந்துகொண்டு ‘ஊழல்’ என்ற பெயர் எஞ்சியது. அழுகலையும் கெட்ட நாற்றத்தையும் குறித்த அந்தப் பெயர், பொதுவாழ்வின் கேட்டுக்கு உவமையாக ஏற்றப்பட்டு, நாளடைவில் உவமை என்ற நினைவே மறைந்து நேர்ப்பொருளாகிவிட்டது. இன்று மீன் அழுகினால் யாரும் ஊழல் என்பதில்லை.

விதியைக் குறிக்கும் ‘ஊழ்’ என்ற சொல்லுக்கும் ஊழலுக்கும் தொடர்பு உண்டா?

வடிவம் ஒன்று, பொருள் எதிர் எதிர்த் திசைகளில் நிற்கிறது. திருக்குறளின் 38ஆம் அதிகாரமான ‘ஊழ்’ என்பதற்கு முன்னுரை சொல்லும் பரிமேலழகர், ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி என்பன ஒருபொருட் கிளவி என்கிறார். அதாவது, அங்கே ஊழ் என்பது முறை. நம் காலத்தில் ஊழல் என்பது முறைகேடு. செய்த வினை கனிந்து பயன் தருவதே ஊழ் என்று சொல்லி இரண்டையும் கனிதல் என்ற கருத்தில் இணைக்க முடியும்; படிக்க அழகாகவும் இருக்கும். ஆனால் உரைகாரர்கள் காட்டும் பொருள் முறை என்பதையே சார்ந்திருப்பதால், அந்த அழகுக்கு நான் அதிக மதிப்புத் தரமாட்டேன்.

‘கரப்ஷன்’ என்ற சொல்லின் மூலம் என்ன?

இலத்தீன் மொழியில் ‘ரும்பேரே’ என்றால் உடைத்தல். அதன்முன் ‘முழுவதும்’ என்ற அழுத்தம் தரும் முன்னொட்டுச் சேர்ந்து ‘கொர்ரும்பேரே’ ஆனது: சுக்குநூறாக உடைத்தல், பாழாக்குதல், கெடுத்தல். குழாய் வெடிப்பதைச் சொல்லும் ‘ரப்சர்’, பேச்சில் குறுக்கிடுவதைச் சொல்லும் ‘இன்டரப்ட்’ ஆகியவையும் இதே வேரின் கிளைகள்.

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த இச்சொல், 14ஆம் நூற்றாண்டில் உடல் அழுகுவதையும் ஒழுக்கம் கெடுவதையும் குறித்தது. லஞ்சம் என்ற பொருள் அதற்கு அடுத்துத்தான் வந்து சேர்ந்தது. அரிஸ்டாட்டிலின் நூல் ஒன்றின் இலத்தீன் தலைப்பில் இச்சொல் உண்டு. அங்கே அதற்குத் தோற்றத்தின் எதிரான அழிவு என்பதே பொருள். ஆங்கில விவிலியத்தில் 1 கொரிந்தியர் 15:42இல் இறந்த உடல் ‘கரப்ஷனில்’ விதைக்கப்படுவதாக வரும் இடத்தைத் தமிழ் விவிலியம் ‘அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்’ என்று சரியாகப் பெயர்த்தது. அங்கே யாரேனும் ஊழல் என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

‘தஞ்சாவூர்’ என்பதன் ‘கரப்ஷன்’ தான் ‘டான்ஜோர்’ என்று பழைய ஆங்கில நூல்களில் எழுதியிருக்கிறார்களே, அது எந்தப் பொருளில்?

சொல் திரிந்து வழங்குவதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வது வழக்கம். ஒரு சொல்லின் மூல வடிவம் தூயது, பின்வந்த வடிவம் கெட்டது என்ற எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது.

தமிழ் இலக்கணம் இதை நோக்கிய விதம் வேறு. தஞ்சாவூர் தஞ்சை என்றும், கோயம்புத்தூர் கோவை என்றும், குடமூக்கு எனப்பட்ட கும்பகோணம் குடந்தை என்றும் வழங்குவதை நம் இலக்கணம் ‘மரூஉ’ என்கிறது. நன்னூல் மரூஉவைக் குற்றங்களின் பட்டியலில் வைக்கவில்லை. இலக்கணமுடையது, இலக்கணப்போலி ஆகியவற்றோடு சேர்த்து இயல்பு வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைத்தது. மருவுதல் என்றால் தழுவுதல், பழகுதல், பொருந்துதல். மக்களின் நாவோடு பழகிப் பொருந்திக்கொண்ட சொல் என்றுதான் அந்தப் பெயர் சொல்கிறது. ஒரே நிகழ்வை ஒரு மொழி கெடுதல் என்றும் இன்னொரு மொழி தழுவுதல் என்றும் பார்த்திருக்கிறது. ஆகவே மொழி பற்றிய கட்டுரையை மொழிபெயர்ப்பவர்கள் அங்கே ‘மரூஉ’ அல்லது ‘திரிபு’ என்று எழுத வேண்டும்.

ஏட்டுச்சுவடியில் பாடம் கெட்டிருந்தால் ‘பாடச் சிதைவு’. கணினிக் கோப்பு திறக்க மறுத்தால் ‘கோப்பு சிதைந்துவிட்டது’. பேச்சில் என்னவோ ‘மெமரி கார்டு கரப்ட் ஆயிடுச்சு’ என்பதுதான் எல்லோர் வாயிலும் வருகிறது.

‘லஞ்சம்’ தமிழ்ச் சொல்லா? ‘இலஞ்சம்’ என்று எழுதுவது ஏன்?

வடக்கிலிருந்து வந்த சொல். பாலியில் ‘லஞ்ச’ என்ற சொல் இதே பொருளில் உண்டு; மராத்தியில் ‘லாச்’, குஜராத்தியில் ‘லாஞ்ச்’, கன்னடத்தில் ‘லஞ்ச’, தெலுங்கில் ‘லஞ்சம்’. பாதி இந்தியா ஒரே சொல்லால் இந்தத் தொழிலை நடத்தி வந்திருக்கிறது.

தொல்காப்பியம் காட்டும் மொழிமுதல் எழுத்துகளில் லகரம் இல்லை. அதனால் லகரத்தில் தொடங்கும் பிறமொழிச் சொல்லுக்கு முன்னே இகரம் இட்டு எழுதுவது மரபாயிற்று: இலக்கம், இலாபம், இலஞ்சம். இலங்கைத் தமிழர் எழுத்தில் இந்த மரபைப் பெரும்பாலும் காத்து வருகிறார்கள். தமிழ்நாட்டு நாளிதழ்கள் இகரத்தை விட்டுப் பல காலம் ஆகிறது. இரண்டும் ஏற்கத்தக்கவையே. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதுவதுதான் கண்ணை உறுத்தும்.

‘கையூட்டு’, ‘கைக்கூலி’, ‘பரிதானம்’ ஆகியவையும் அதே பொருள்தானா?

கையூட்டு என்பது கைக்கு ஊட்டுவது. வாய்க்கு ஊட்டுவதுபோல் கைக்கு ஊட்டுகிறார்கள் என்ற கேலி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தனித்தமிழ் விரும்பி எழுதுபவர்கள் இதையே கையாளுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தின் ‘பிரைப்’ என்ற சொல்லும் தின்பண்டத்திலிருந்து வந்ததுதான். பழைய பிரெஞ்சில் அது பிச்சைக்காரருக்கு இடும் ரொட்டித் துண்டைக் குறித்தது. தமிழ்ப் பேச்சில் ‘அவருக்கு வாய்க்கரிசி போட்டால்தான் கோப்பு நகரும்’ என்று சொல்லும்போது சோற்றோடு சாபமும் சேர்ந்துகொள்கிறது.

கைக்கூலி மலையாளத்தில் இன்றும் லஞ்சத்துக்கான அன்றாடச் சொல். தமிழில் அது வேறு பக்கம் போய்விட்டது: ‘ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி’ என்று மேடையில் முழங்கும்போது அது பணத்தையல்ல, பணம் வாங்கிக்கொண்டு பிறருக்காகச் செயல்படும் ஆளைக் குறிக்கிறது. தமிழ் முஸ்லிம்களிடையே மணமகன் வீட்டார் ரொக்கமாக வாங்கும் வரதட்சணைக்கும் கைக்கூலி என்று பெயர் உண்டு.

பரிதானம் இப்போது பெரும்பாலும் விவிலியம் படிப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த சொல். ‘பரிதானம் வாங்காதிருப்பாயாக’ என்பது யாத்திராகமம் 23:8. அது பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்றும் அவ்வசனம் தொடர்கிறது.

பழந்தமிழர் இந்தக் கேட்டை எந்தச் சொல்லால் சொன்னார்கள்?

வளைதல் என்ற உவமையால் சொன்னார்கள். இலத்தீன்காரருக்கு இது உடைதல், நமக்கு இன்று அழுகுதல், நம் முன்னோருக்கோ கோணுதல். நேராக நிற்கும் ஆட்சி செங்கோல், வளைந்தது கொடுங்கோல். ‘நாடோறும் நாடுக மன்னன் வினைசெய்வான் கோடாமை கோடா துலகு’ (520) என்ற குறளில் வரும் ‘வினைசெய்வான்’ அரசு ஊழியர். ‘கோடாமை’ அவர் வளையாதிருத்தல். ஊழியர் கோணாவிட்டால் உலகம் கோணாது, ஆகவே அரசன் நாள்தோறும் அவரை ஆராய வேண்டும் என்கிறது குறள். இதைத்தான் இன்று கண்காணிப்பு என்கிறோம். நடுவுநிலை பற்றிய அதிகாரத்தில் சொற்கோட்டம், உட்கோட்டம் என்று வளைவை இரண்டாகவே பிரிக்கிறார் வள்ளுவர்: சொல்லில் கோணல், மனத்தில் கோணல்.

கல்வெட்டுகள் உவமையைவிட நடைமுறையில் கருத்தாக இருந்தன. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்கு விதித்த தகுதிகளுள் ஒன்று, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் புகக் கூடாது என்பது, அவருடைய நெருங்கிய உறவினர் பலருக்கும் அந்தத் தடை நீண்டது. கணக்குக் காட்டாமை என்பதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தச் சட்டத்திலும் பார்த்ததில்லை.

லஞ்சத்துக்கும் ஊழலுக்கும் என்ன வேறுபாடு?

லஞ்சம் ஒரு செயல். அதில் கொடுப்பவர், வாங்குபவர் என இருவர் வேண்டும். ஊழல் அதைவிட அகன்றது. ஒரு ரூபாய்கூடக் கைமாறாமல் தம் மைத்துனருக்கு ஒப்பந்தத்தை ஒதுக்கும் தலைவர் லஞ்சம் வாங்கவில்லை, ஊழல் செய்திருக்கிறார். பொறுப்பில் இருந்த பணத்தைத் தானே எடுத்துக்கொள்வது கையாடல். அங்கே கொடுப்பவரே இல்லை.

1962இல் நியமிக்கப்பட்டு 1964இல் அறிக்கை தந்த ஊழல் தடுப்புக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் தமிழரான கே. சந்தானம். பொதுப் பதவியோ பொதுவாழ்வில் கிடைத்த சிறப்பு நிலையோ தரும் அதிகாரத்தையும் செல்வாக்கையும் முறையற்ற வகையிலோ தன்னலத்துக்காகவோ பயன்படுத்துவது என்று அக்குழு ஊழலுக்கு விரிந்த பொருள் தந்தது. மத்திய கண்காணிப்பு ஆணையம் 1964இல் அமைந்தது அதன் பரிந்துரையால்தான்.

சட்டமோ வேறு வழியில் சென்றது. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் தன் பெயரிலேயே ஊழலை வைத்துக்கொண்டிருந்தாலும், ஊழல் என்றால் என்ன என்று எங்கும் வரையறுக்கவில்லை. அது தனித்தனிக் குற்றங்களைச் சொல்கிறது. சட்டப்படியான ஊதியம் அல்லாத எந்த ஆதாயமும் அதன் வலைக்குள் வரும்; பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாங்கும் அரசு ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கொடுப்பதும் தனிக் குற்றமாயிற்று. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம்.

இலங்கையில் இந்த வேறுபாடு சட்டங்களின் பெயர்களிலேயே தெரியும். 1954இல் வந்தது இலஞ்சச் சட்டம். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் ஊழல் என்ற தனிக் குற்றம் அதில் சேர்ந்தது. 2023இல் வந்த 9ஆம் இலக்கச் சட்டமோ ஊழலுக்கு எதிரான சட்டம் என்றே பெயர் பெற்றது.

‘மாமூல்’ எப்படி லஞ்சமாயிற்று?

எனக்கு இந்தச் சொற்களிலேயே மிகவும் சுவையானதும் மிகவும் கவலை தருவதும் இதுதான். அரபியில் ‘மஃமூல்’ என்றால் செய்யப்பட்டது, வழக்கத்தில் உள்ளது. செயலைக் குறிக்கும் ‘அமல்’ அதே வேர். ‘சட்டம் அமலுக்கு வந்தது’ என்கிறோமே, அந்த அமல்தான். முஸ்லிம்கள் நற்செயல்களை ‘நல்ல அமல்கள்’ என்பதும் அதுவே. நவாபு காலத்து வரி அதிகாரியான அமுல்தாரும் அதே குடும்பம். சட்டம் அமலாவதும் மாமூல் வசூலாவதும் ஒரே மூன்று அரபி மெய்யெழுத்துகளிலிருந்து கிளம்பியவை.

தமிழில் மாமூலுக்கு இன்றும் களங்கமற்ற பொருள் உண்டு. ‘மழை ஓய்ந்து மாமூல் வாழ்க்கை திரும்பியது’ என்று எழுதுகிறோம். கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் தடவழிப் பாத்தியம்’ என்ற தொடர் வரும். காலங்காலமாக நடந்துவரும் பாதையில் நடக்கும் உரிமை என்பது பொருள். ஒருமுறை பத்திரப் பதிவுக்குப் போயிருந்தபோது, பத்திரம் எழுதியவர் அந்தத் தொடரை உரக்க வாசித்து முடித்து, தாளை மடித்துக்கொண்டே, “மாமூல் தனிங்க, அது பத்திரச் செலவுல வராது” என்றார். இரண்டு மாமூலுக்கும் இடையே அரை நிமிடம்கூட இல்லை. அவர் குரலிலும் எந்த மாற்றமும் இல்லை.

லஞ்சம் என்ற சொல் கூசவைக்கும். அதனால்தான் யாரும் ‘லஞ்சம் கொடுங்கள்’ என்று கேட்பதில்லை. மாமூல் கூசவைப்பதில்லை, ஏனெனில் அதன் பொருளே வழக்கம் என்பதுதான். பேரம் பேசவும் இடமில்லை. நடைபாதைக் கடைக்காரருக்கும் தொகை தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

‘லஞ்ச லாவண்யம்’ என்பதில் லாவண்யம் எதற்கு? ‘கிம்பளம்’ எங்கிருந்து வந்தது?

லாவண்யம் வடமொழியில் அழகு. உப்பைக் குறிக்கும் ‘லவணம்’ என்பதிலிருந்து வந்தது. பெண்ணழகைக் காட்டிக் காரியம் சாதிப்பது என்று விளக்குபவர்கள் உண்டு. லகர மோனை நயத்துக்காகச் சேர்ந்த இணை என்பதே எனக்குப் போதுமான விளக்கமாகத் தோன்றுகிறது.

கிம்பளம் தமிழின் எதிரொலிச் சொல் பழக்கத்தின் பிள்ளை. பணம் கிணம், வேலை கீலை என்பதுபோல் சம்பளம் கிம்பளம் என்றார்கள். மற்ற எதிரொலிகள் தனித்து நிற்பதில்லை, ‘கிணம்’ என்று தனியே யாரும் சொல்வதில்லை. கிம்பளம் மட்டும் தனிக்குடித்தனம் வைத்து, சம்பளத்துக்கு மேல் வருவது என்ற சொந்தப் பொருளையும் சம்பாதித்துக்கொண்டது.

அண்டை மொழிகளில் ஊழலுக்கு என்ன சொல்?

இந்தியில் ‘பிரஷ்டாசார்’: வீழ்ந்த ஒழுக்கம். தெலுங்கில் ‘அவினீதி’. மலையாளத்தில் ‘அழிமதி’, தமிழ் அகராதிகளிலும் அழிவு, வீண்செலவு என்ற பொருளில் இச்சொல் உண்டு. சிங்களத்தில் ‘தூஷண’, அதே வடசொல் இலங்கைத் தமிழில் ‘தூசணம்’ ஆகிக் கெட்ட வார்த்தையைக் குறிக்கிறது.

‘ரசாயனம் தடவிய நோட்டுகள்’, ‘கையும் களவுமாக’ என்று செய்திகளில் வருவது என்ன?

ஆங்கிலப் பெயரில் கண்காணிப்பும் ஊழலும் இருக்கும் ஒரு துறையைத் தமிழ்நாட்டு மக்கள் ‘லஞ்ச ஒழிப்புத் துறை’ என்றுதான் அழைக்கிறார்கள்; அவர்கள் கண்ணில் படுவது, லஞ்சம் வாங்குபவரைப் பிடிக்க அத்துறை வைக்கும் பொறிதான். புகார் தருபவர் கொண்டுவரும் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின்மேல் பினாப்தலீன் என்ற வெள்ளைப் பொடியைத் தடவுவார்கள். தடவியது கண்ணுக்குத் தெரியாது. பணத்தை வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் தோய்க்கச் சொல்வார்கள். நிறமற்ற நீர் இளஞ்சிவப்பாகும். அந்த நீரைப் புட்டியில் அடைத்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ‘கையும் களவுமாக’ என்ற பழைய தொடருக்கு வேதியியல் இப்படி நேர்ப்பொருள் தந்துவிட்டது. கையூட்டு, கைக்கூலி, கையாடல், கையும் களவும் என்று இந்தச் சொற்கள் எல்லாம் கையையே சுற்றி வருவதும் கவனிக்கத்தக்கது.

மனுவிலோ செய்தியிலோ எந்தச் சொல்லை எழுதுவது?

நடந்த செயலுக்குரிய சொல்லை எழுதுங்கள். பணம் கேட்டிருந்தால் லஞ்சம் அல்லது கையூட்டு. பொறுப்பில் இருந்த பணம் காணாமல் போயிருந்தால் கையாடல். விதிகளை மீறி ஒப்பந்தமோ நியமனமோ நடந்திருந்தால், பணம் கைமாறியது தெரியாதவரை முறைகேடு. ஊழல் என்ற சொல்லை இவை பலவும் சேர்ந்த நிலைக்கு வைத்துக்கொள்ளலாம். ‘அலுவலகத்தில் ஊழல் மலிந்துள்ளது’ என்று தொடங்கும் மனுவில் விசாரிக்க எதுவும் இல்லை. ‘பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தேன், இன்ன தேதியில் இன்ன மேசையில் இருந்தவர் 3,000 ரூபாய் கேட்டார்’ என்று எழுதினால், அந்த நாளில் அந்த மேசையில் இருந்தவர் யார் என்று யாரேனும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.